இரண்டாம் முறை பிடிபட்டால் காசோடு முடியாது

சட்டம் கேளுங்கள்: திருகோணமலைச் சட்டத்தரணி ஒருவரின் பதில்கள்

சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு எனக்கு வருகிற கடிதங்களில், குடித்துவிட்டு வாகனம் ஓட்டிய வழக்குகள் கூடிவிடும். இந்த முறையும் அப்படித்தான். எழுதியவர்களில் அதிகம் பேர் பிடிபட்டவர்கள் அல்ல. அவர்களின் மனைவி, அக்கா, அப்பா. அதிலும் பலர் கேட்டிருப்பது இரண்டாம் தடவையைப் பற்றி. அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: என் கணவர் ஓட்டோ ஓட்டுகிறார். முன்பு ஒரு தடவை மட்கோ சந்தியில் குடித்துவிட்டு ஓட்டியதற்குப் பிடிபட்டு, நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டினார். போன கிழமை திரும்பவும் பிடித்துவிட்டார்கள். வழக்கு அடுத்த மாதம். "சட்டத்தரணிக்கு ஏன் வீணாகக் காசு? போன தடவை மாதிரி ஒப்புக்கொண்டு இருபத்தையாயிரத்தைக் கட்டிவிட்டு வா" என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள். ஓட்டோவுக்கு லீசிங் இருக்கிறது. பிள்ளைகள் படிக்கிறார்கள். என்ன செய்வது அக்கா? (அலஸ்தோட்டம்)

பதில்: தங்கச்சி, கூட்டாளிகளின் கணக்கு பாதிக் கணக்கு. மதுபோதையில் ஓட்டுவது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 151ஆம் பிரிவில் வருகிற குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதற்கான தண்டப்பணம் 25,000 ரூபாயிலிருந்து 30,000 ரூபாய் வரை. ஆட்கள் ஞாபகம் வைத்திருப்பது இந்த வரியை மட்டும்தான். 3 மாதம் வரை சிறைக்கு அனுப்பலாம், சாரதி அனுமதிப்பத்திரத்தை 12 மாதம் வரை நிறுத்திவைக்கலாம் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. போன தடவை உங்கள் கணவர் காசோடு வீட்டுக்கு வந்தார் என்றால், நீதவான் அந்த அளவோடு விட்டார் என்றுதான் அர்த்தம். இந்த முறையும் அப்படி விடவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

போக்குவரத்து வழக்குகள் எடுக்கும் காலையில் நீதவான் நீதிமன்றத்துக்கு ஒரு தடவை வந்து பாருங்கள். வரிசையாக ஆட்கள் நிற்பார்கள். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரான முதலியார் குற்றப்பத்திரத்தை வாசித்து "குற்றவாளியா, சுற்றவாளியா?" என்று கேட்பார். வாசித்து முடியும் முன்பே "குற்றவாளி ஐயா" என்று சொல்லிவிடுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அரை நாள் ஓட்டமாவது மிஞ்சட்டும் என்ற அவசரம். உழைத்துச் சாப்பிடுகிறவர்களின் அவசரம் எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லோடு அவர் சட்டப்படி தீர்ப்பளிக்கப்பட்ட குற்றவாளி ஆகிவிடுகிறார். அடுத்த வழக்கில் தண்டனை சொல்வதற்கு முன் பொலிஸார் முன்குற்றங்களை நீதவானுக்குத் தெரிவிப்பார்கள். அப்போது இந்தப் பழைய பதிவு முன்னால் வந்து நிற்கும். "முதல் தடவை, தெரியாமல் நடந்துவிட்டது" என்று எந்தச் சட்டத்தரணியாலும் சொல்ல முடியாமல் போகும்.

உங்கள் வீட்டுக்கு ஆகக் கூடிய அடி சிறை இல்லை, லைசென்ஸ். 12 மாதம் ஓட்டக்கூடாது என்று கட்டளை வந்தால் லீசிங் நிறுவனம் 12 மாதம் பொறுத்திருக்காது. ஆகவே வழக்குத் திகதிக்கு முன்பே செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

சட்டத்தரணி இல்லாமல் போகாதீர்கள். காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசமாக ஆஜராவார்கள். போகும்போது பொலிஸார் தந்த துண்டு, பழைய வழக்கின் இலக்கம், லீசிங் பத்திரம் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். பழைய வழக்கை மறைக்க வேண்டாம். உங்கள் சட்டத்தரணி அதை நீதவானின் வாயிலிருந்து முதன்முதலாகக் கேட்கக்கூடாது. பரிசோதனை ஒழுங்காக நடந்ததா, வைத்திய அறிக்கை என்ன சொல்கிறது என்று அவர் பார்ப்பார். ஓட்டை இருந்தால் வழக்காடலாம். இல்லையென்றால் ஒப்புக்கொள்வதுதான் நல்லது. ஆனால் வெறுங்கையோடு போய் ஒப்புக்கொள்வதும், ஏதோ ஒரு மாற்றத்தைத் தொடங்கிவிட்டுப் போய் ஒப்புக்கொள்வதும் ஒன்றல்ல.

மாற்றம் என்றால் என்ன? இரண்டு தடவை பிடிபட்ட ஒரு மனிதர் எத்தனை நாள் பிடிபடாமல் ஓட்டியிருப்பார் என்று யோசியுங்கள். இது இப்போது வழக்கு மட்டும் இல்லை, நோயும்கூட. திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். "மனநலம்" என்ற பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் திரும்ப வேண்டாம். தினமும் கூடுதலாகக் குடிக்கிறவர் என்றால் வீட்டிலேயே ஒரேயடியாக நிறுத்தவும் விடாதீர்கள். நெடுநாள் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். வைத்தியர் பார்த்துக்கொண்டிருக்க நிறுத்த வேண்டும். கிளினிக் அட்டையில் ஒழுங்காகத் திகதிகள் விழுந்திருந்தால் சட்டத்தரணி அதை நீதவானிடம் கொடுக்கலாம். வழக்குக்கு முதல்நாள் போட்ட ஒற்றைத் திகதியோடு வருகிற அட்டைக்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை.

ஒருவேளை சிறைத்தண்டனை விதித்து அதை ஒத்திவைத்தால், "விட்டுவிட்டார்கள்" என்று வீட்டில் பொங்க வேண்டாம். ஒத்திவைத்த காலத்துக்குள் சிறை விதிக்கக்கூடிய இன்னொரு குற்றம் செய்தால் பழைய தண்டனையும் சேர்ந்து வரும்.

லைசென்ஸ் நிறுத்தப்பட்டால் "ஸ்கூல் பிள்ளைகளை மட்டும் ஏற்றுகிறேன்" என்று எடுக்கவே கூடாது. அது தனிக் குற்றம். நம்பிக்கையான, லைசென்ஸ் உள்ள ஒருவருக்கு ஓட்டோவை நாள் வாடகைக்குக் கொடுத்தால் லீசிங் ஓடும். கொடுக்கும் முன் லீசிங் பத்திரமும் காப்புறுதியும் அதற்கு இடம் தருகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் யாருக்கும் காயம் படாத வழக்குக்கு. யாராவது இறந்துபோனால் கதையே வேறு. தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு, கவனயீனத்தால் மரணம் விளைவித்ததற்கு 5 ஆண்டு வரை சிறை என்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்திலும் மதுபோதையில் உயிர் போனால் தனியாகக் கடுமையான தண்டனை இருக்கிறது. உங்கள் கணவர் இரண்டு தடவையும் பொலிஸில்தான் பிடிபட்டார், ஒரு பிள்ளையில் மோதவில்லை. இதை அவருக்கு எடுத்துச் சொல்லக்கூடிய ஆள் நீங்கள்தான்.

கேள்வி: என் தம்பி ஸ்காபுரோவில் இருக்கிறான். நிரந்தர வதிவிட உரிமை இருக்கிறது, இன்னும் குடியுரிமை எடுக்கவில்லை. 2021இல் குடித்துவிட்டுக் கார் ஓட்டி ஒரு முறை தண்டனை பெற்றான். போன மாதம் மறுபடியும் பிடித்திருக்கிறார்கள். "ஃபைன் கட்டினால் சரி, நீ பயப்படாதே" என்கிறான். அப்பாவுக்குச் சுகமில்லை. வழக்குக்கு முன் ஒரு தடவை ஊருக்கு வந்துவிட்டுப் போகச் சொல்லலாமா? (உவர்மலை)

பதில்: பயப்பட வேண்டியது நீங்கள் மட்டும் இல்லை, தம்பியும்தான். நான் கனடாவில் வழக்காடுகிறவள் இல்லை. ஆனால் இங்கே அனேகமாக எல்லா வீட்டிலும் ஒரு பிள்ளை அங்கே இருப்பதால் அந்தச் சட்டத்தைப் படித்து வைத்திருக்கிறேன். அந்தச் சட்டம் எத்தனையாவது தடவை என்று எண்ணிக்கொண்டே வருகிறது.

இரத்தத்தில் அனுமதிக்கப்பட்ட அளவு அங்கேயும் நம் நாட்டு அளவுதான்: 100 மில்லிலீற்றருக்கு 80 மில்லிகிராம். தண்டனைதான் வேறு. குற்றவியல் கோவைப்படி முதல் தடவைக்கு ஆகக் குறைந்தது 1,000 டொலர் அபராதம். இரண்டாம் தடவைக்கு ஆகக் குறைந்தது 30 நாள் சிறை. மூன்றாவது என்றால் 120 நாள். இவை குறைந்தபட்சங்கள். நீதிபதி இரங்கினாலும் அதற்குக் கீழே இறங்க முடியாது. ஆகவே "ஃபைன் கட்டினால் சரி" என்பது 2021 வழக்கின் நினைப்பில் சொல்வது. ஒரு நுணுக்கம் இருக்கிறது. முன்தண்டனையை வைத்துக் கூடிய தண்டனை கேட்கப்போவதாக தம்பி குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன்பே அரச வழக்கறிஞர் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அப்படி ஒரு அறிவித்தல் தம்பியின் கையில் கொடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். பலர் அதைச் சாதாரணக் கடதாசி என்று நினைத்துக் காருக்குள் போட்டுவிடுவார்கள். அது இப்போது அவருடைய சட்டத்தரணியின் மேசையில் இருக்க வேண்டும்.

அடுத்தது வாகனம். தம்பி இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் பிடித்த அன்றைக்கே லைசென்ஸ் 90 நாளுக்குப் போய்விடும், காரை 7 நாள் இழுத்து வைப்பார்கள். குற்றம் நிரூபணமானால் இரண்டாம் தடவைக்கு நீதிமன்றம் விதிக்கும் ஓட்டத்தடை 2 முதல் 10 ஆண்டு. அதைவிட மாகாணம் தன் பங்குக்கு 3 ஆண்டு லைசென்ஸை நிறுத்தும். திரும்பக் கிடைத்த பிறகும் மூச்சை ஊதினால் மட்டுமே எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் ஒரு கருவியைச் சொந்தக் காசில் காரில் பூட்ட வேண்டும், அதுவும் 3 ஆண்டுக்குக் குறையாமல். மூன்றாம் தடவை என்றால் மாகாணம் ஆயுள் முழுக்க நிறுத்திவிடும். 10 ஆண்டு கழிந்துதான் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். டெலிவரி, லொறி, ஊபர் என்று ஓடிப் பிழைக்கிற நம் பிள்ளைகளுக்கு இதன் அர்த்தம் என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை.

இனி சொல்லப்போவதைத் தம்பிக்கு அப்படியே வாசித்துக் காட்டுங்கள். 2018 டிசம்பர் 18ஆம் திகதியிலிருந்து குடித்துவிட்டு ஓட்டுவதற்கான ஆகக் கூடிய தண்டனை கனடாவில் 10 ஆண்டு சிறை. குடிவரவுச் சட்டத்தில், 10 ஆண்டு வரை சிறை விதிக்கக்கூடிய குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் "பாரதூரமான குற்றம்" செய்தவர் என்ற பட்டியலில் விழுவார். உண்மையில் கிடைத்தது அபராதம் மட்டும் என்றாலும் விழுவார். குடியுரிமை எடுத்தவருக்கு இந்த ஆபத்து இல்லை. நிரந்தர வதிவிட உரிமையோடு மட்டும் இருக்கிறவருக்கு நாடுகடத்தல் கட்டளை வரையில் போகலாம். சிறைத்தண்டனை 6 மாதம் அல்லது அதற்கு மேல் என்றால் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் உரிமையும் இல்லை. 2021 வழக்கின்போது இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லையா, சொல்லியும் கேட்கவில்லையா, தெரியாது. இந்த முறை ஒப்புக்கொள்வதற்கு முன் குற்றவியல் சட்டத்தரணி ஒருவரும் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். ஒருவர் சிறை நாளைக் குறைக்கப் பார்ப்பார், மற்றவர் நாட்டில் இருக்கும் உரிமையைக் காப்பாற்றப் பார்ப்பார். இரண்டும் எப்போதும் ஒரே வழியில் போவதில்லை. ஆங்கிலம் சரளமாக வராதென்றால் நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது அவருடைய அரசியலமைப்பு உரிமை. வெட்கப்பட்டு விளங்கியது போலத் தலையாட்டக்கூடாது.

ஒரு கதவு திறந்திருக்கிறது. அதே குற்றவியல் கோவையில், அரச தரப்பு சம்மதித்தால், மாகாணம் அங்கீகரித்த சிகிச்சைத் திட்டம் ஒன்றில் சேர்வதற்காகத் தண்டனை வழங்குவதைத் தள்ளிவைக்கலாம். சிகிச்சையை ஒழுங்காக முடித்தால் நீதிபதி அந்தக் குறைந்தபட்சச் சிறையை விதிக்காமலும் விடலாம். கேட்டால்தான் இது கிடைக்கும். தம்பியின் சட்டத்தரணி இதைப் பற்றிப் பேசினாரா என்று இன்றைக்கே கேளுங்கள்.

அப்பாவைப் பார்க்க வருவது பற்றி: சட்டத்தரணியைக் கேட்காமல் ரிக்கெற் போடச் சொல்லாதீர்கள். நாட்டை விட்டுப் போகக்கூடாது என்ற நிபந்தனை இருக்கலாம். வழக்குத் திகதி தவறினால் பிடியாணை வரும். திரும்பிப் போய் விமான நிலையத்தில் நிற்கும்போது குடிவரவு அதிகாரியின் கணினியில் வழக்கு தெரியும். அப்பாவோடு வீடியோவில் பேசவிடுங்கள். மனதுக்குக் கஷ்டம்தான். ஆனால் இந்த நேரத்தில் தம்பி அங்கேயே இருந்து வழக்கைப் பார்ப்பதுதான் அப்பாவுக்கும் செய்கிற உதவி.

கேள்வி: கனடாவுக்கு வேலை விசாவுக்கு விண்ணப்பிக்கிறேன். இங்கே திருகோணமலையில் ஒரு தடவை குடித்துவிட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டியதற்குத் தண்டப்பணம் கட்டியிருக்கிறேன். "சின்ன ட்ராஃபிக் வழக்குத்தானே, எழுதாதே" என்று ஏஜென்ட் சொல்கிறார். (சாம்பல்தீவு)

பதில்: எழுதுங்கள் தம்பி. ஏஜென்ட் உங்களைக் குழியில் தள்ளுகிறார். கனடா உங்கள் குற்றத்தை நம் சட்டத்தின் அளவுகோலால் அளக்காது. அதே செயலைத் தங்கள் நாட்டில் செய்திருந்தால் எவ்வளவு தண்டனை வரலாம் என்று பார்க்கும். முன் பதிலில் சொன்ன 10 ஆண்டு இங்கேயும் வேலை செய்யும். நீங்கள் கட்டிய தண்டப்பணம் அவர்களுடைய கண்ணில் பாரதூரமான குற்றம் ஆகலாம். தண்டனை முழுவதும் முடிந்து 5 ஆண்டு கழிந்திருந்தால், திருந்திவிட்டீர்கள் என்று ஏற்கும்படி தனி விண்ணப்பம் போடலாம். லைசென்ஸ் நிறுத்திய காலமும் தண்டனையில் சேரும் என்பதால் 5 ஆண்டை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதை ஒரு சட்டத்தரணியோடு சரிபாருங்கள். நீதிமன்றப் பதிவேட்டிலிருந்து தீர்ப்பின் அத்தாட்சிப்படுத்திய பிரதியையும் எடுத்துவையுங்கள்.

மறைத்தால்? பொய்த்தகவல் கொடுத்ததற்கு 5 ஆண்டுத் தடை. குடித்து ஓட்டியதை விளக்கலாம், பொய் சொன்னதை விளக்கவே முடியாது. இந்தக் கேள்வியை இன்றைக்கு "குற்றவாளி ஐயா" என்று சொல்லிவிட்டு ஓடுகிற இருபது வயதுப் பிள்ளைகள் எல்லோரும் வாசிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அவர்களில் எத்தனை பேருக்கு நாளைக்கு ஒரு விசா விண்ணப்பம் இருக்கிறது!

கேள்வி: பொலிஸ் மறித்தால் ஊத மாட்டேன் என்று சொல்லலாமா? (கன்னியா)

பதில்: சொல்லலாம், சொல்லி ஒன்றும் ஆகாது. மூச்சுப் பரிசோதனைக்கோ அரச வைத்தியரின் பரிசோதனைக்கோ மறுத்தால், நீங்கள் குடித்திருந்தீர்கள் என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கிற பாரம் உங்கள் தலையில் விழும். கனடாவில் மறுப்பதே தனிக் குற்றம், முதல் தடவைக்கே குறைந்தது 2,000 டொலர்.

பழைய பலூன் குழாயைப் பார்த்திருப்பீர்கள்: கண்ணாடிக் குழாய், உள்ளே மஞ்சள் பளிங்குத்தூள், மறுமுனையில் பலூன். பலூன் நிறையும் வரை ஊத வேண்டும். மூச்சில் மது இருந்தால் மஞ்சள் பச்சையாகிக்கொண்டு போகும். இலக்கம் காட்டும் கருவிகளும் உண்டு. எதுவானாலும் ஊதும்போது குழாய் புதிதாக உங்கள் முன்னால் பிரிக்கப்பட்டதா, நேரம் என்ன, கூட யார் இருந்தார்கள் என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். வாதாட இடம் இருந்தால் அது இங்கேதான் இருக்கும். வீதியில் நின்று பொலிஸாரோடு சண்டை பிடிப்பதில் இல்லை.

கேள்வி: நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வேன் ஓட்டுகிறேன். இரவு கொஞ்சம் எடுத்தாலும் காலையில் குளித்து, தேசிக்காய்த் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் ஏறுவேன். காலையில் பிடித்தால் அது செல்லுமா? முன்பு ஒரு வழக்கு இருக்கிறது. (நிலாவெளி)

பதில்: செல்லும். சட்டம் எப்போது குடித்தீர்கள் என்று பார்ப்பதில்லை, ஓட்டும்போது இரத்தத்தில் எவ்வளவு இருந்தது என்று பார்க்கிறது. தேசிக்காய், குளிப்பு, கடுங்கோப்பி எதுவும் ஈரலின் வேகத்தைக் கூட்டாது. சராசரி உடம்பு 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் மணித்தியாலத்துக்கு 15 மில்லிகிராம் அளவில்தான் இறக்கும். கணக்குப் பாருங்கள்: நள்ளிரவில் 200 இருந்தால் காலை 6 மணிக்கு இன்னும் 110. எல்லை 80. புறாத்தீவுக்குப் போகிற விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு நீங்கள் ஏழு மணிக்குப் புறப்படும்போதும் எல்லைக்கு மேலேதான் இருப்பீர்கள். நன்றாக விடிந்திருக்கும், தலை தெளிந்த மாதிரி இருக்கும். ஆனால் பிரேக் மிதிக்க எடுக்கும் நேரம் கூடியிருக்கும்.

ஏற்கெனவே ஒரு வழக்கு இருப்பதால் உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அடுத்த நாள் ஓட்டம் இருக்கிற இரவில் குடிக்காதீர்கள். "கொஞ்சம்" என்று நீங்கள் எழுதியது எனக்குக் கவலையாக இருக்கிறது. முதலாளிக்கும் ஒரு வார்த்தை: விருந்தாளியோடு சேர்ந்து இரவு குடிக்கிற சாரதியை "நல்லாப் பழகுகிற பெடியன்" என்று பாராட்டிவிட்டுக் காலையில் சாவியைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மகன் லண்டனில். இரண்டாம் தடவை பிடிபட்டிருக்கிறார். அங்கே என்ன நடக்கும்? (தம்பலகாமம்)

பதில்: முதல் தடவைக்கு ஆகக் குறைந்தது 12 மாதம் ஓட்டத்தடை. 10 ஆண்டுக்குள் இரண்டாம் தடவை என்றால் ஆகக் குறைந்தது 3 ஆண்டு. 6 மாதம் வரை சிறையும், உச்சவரம்பு இல்லாத அபராதமும் விதிக்கலாம். 10 ஆண்டுக்குள் இரண்டு தடவை தடைபட்டவரைக் கூடிய ஆபத்துள்ள சாரதி என்று வகைப்படுத்துவார்கள். தடைக்காலம் முடிந்தாலும் லைசென்ஸ் தானாகத் திரும்பாது. வைத்தியப் பரிசோதனையில் இன்னும் குடிக்கிறார் என்று தெரிந்தால் கொடுக்க மாட்டார்கள். குற்றக் குறியீடு லைசென்ஸ் பதிவில் 11 ஆண்டு நிற்கும், காப்புறுதிக் கட்டணம் கையைக் கடிக்கும். விசாவில் இருக்கிறார் என்றால் குடிவரவுச் சட்டத்தரணியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மகனுக்கு 22 வயது. மோட்டார் சைக்கிள் என் பெயரில். ஏற்கெனவே ஒரு தடவை குடித்துவிட்டுப் பிடிபட்டான். நேற்றிரவு டொக்யாட் வீதியில் திரும்பவும் பிடித்து, பிணையில் விட்டிருக்கிறார்கள். வாகனத்தை நான் போய் எடுக்க வேண்டுமாம். அவனுடைய அம்மா "எடுத்துக் குடுங்கோ, வேலைக்குப் போக வேணும்" என்று அழுகிறா. எனக்கு என்ன பொறுப்பு வரும் ஐயா? (திருகோணமலை நகர்)

பதில்: ஐயா இல்லை, அம்மா. பரவாயில்லை. குடித்து ஓட்டிய குற்றம் ஓட்டியவருடையது, உங்களுடையது இல்லை. ஆனால் அவர் நாளைக்கு ஒருவரை மோதினால், நட்டஈடு கேட்டு வருகிற சிவில் வழக்கில் பதிவு உரிமையாளரையும் ஒரு பிரதிவாதியாகப் போடுவதுதான் வழக்கம். முழுக் காப்புறுதி இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். ஓட்டியவர் மதுபோதையில் இருந்தால் வாகனச் சேதத்துக்குக் காசு தருவதில்லை என்று பொலிசிப் பத்திரத்தில் எழுதியிருக்கும். எடுத்து வாசித்துப் பாருங்கள்.

மகனுடைய வழக்குக்குச் சட்டத்தரணி பிடியுங்கள், நீதிமன்றத்துக்குக் கூடப் போங்கள், தேவைப்பட்டால் பிணைக்குக் கையெழுத்து வையுங்கள். அதெல்லாம் அப்பா செய்ய வேண்டியது. வாகனத்தையும் போய் எடுங்கள், உங்கள் பொருள்தானே. எடுத்து மகனிடம் கொடுக்காதீர்கள். வழக்கு முடிந்து, அவர் கிளினிக்குக்கு ஒழுங்காகப் போய், வைத்தியர் சரி என்று சொல்லும் வரைக்கும் மோட்டார் சைக்கிளை வீட்டில் வைக்காமல் சகோதரர் யாராவது ஒருவரின் வீட்டில் விடுங்கள். விற்றாலும் பிழையில்லை. வேலைக்கு பஸ்ஸில் போகட்டும். நேரத்துக்கு பஸ் இல்லையென்றால் ஒரு மாதத்துக்கு நீங்களே காலையில் கொண்டுபோய் விடுங்கள், போகிற வழியில் அவரோடு பேசலாம். அம்மா அழுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இந்தப் பக்கத்தை அவவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். மூன்றாவது வராமல் இரண்டாம் வழக்கோடு நின்றுபோன வீடுகளில், பெற்றோர் இருவரும் ஒரே சொல்லில் நின்றதைத்தான் நான் கண்டிருக்கிறேன். வழக்குத் திகதிக்கு முன் முதல் வழக்கின் இலக்கத்தைத் தேடி எடுத்துவையுங்கள். சட்டத்தரணி முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.